மூளைக்குள்ளும் மருந்து உடைகிறதா?

தாமிரபரணிக்கரை, 11 ஜூன் 2023

எனக்குத் தெரிந்தவரை மாத்திரையை உடைப்பது கல்லீரல், வெளியே அனுப்புவது சிறுநீரகம். மூளை, நுரையீரல், குடல் எல்லாம் மருந்து போய்வரும் இடங்கள், அவ்வளவுதான். ஆகவே ரத்தத்தில் மருந்தின் அளவு சரியாக இருந்தால் மூளையிலும் சரியாகத்தான் இருக்க வேண்டும். மூளையிலேயே மருந்தை மாற்றும் நொதிகள் இருக்கின்றன என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். எனக்கு நம்பிக்கையில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்குழாய், 11 ஜூன் 2023

நண்பர் சொன்னது சரி. வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம்.

விழுங்கிய பாராசிட்டமாலில் பெரும்பகுதி கல்லீரலில் சர்க்கரை அமிலத்தோடும் சல்பேட்டோடும் ஒட்டிக்கொண்டு சிறுநீரில் போய்விடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் அசிட்டைல் தொகுதியை இழந்து பாரா-அமினோபீனால் ஆகிறது. அது ரத்தத்தோடு மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போகிறது. அங்கே கொழுப்பு அமில அமைடுகளைக் கையாளும் ஒரு நொதி அதை அராக்கிடோனிக் அமிலத்தோடு சேர்த்து ஏ.எம்.404 என்ற புதுப்பொருளாக்குகிறது. 2005-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரத்துக் குழு இதை எலிகளில் காட்டியது. அந்த நொதி இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் மூளையில் ஏ.எம்.404 உருவாகவே இல்லை. பிற்பாடு மனிதர்களின் தண்டுவடத் திரவத்திலும் இந்தப் பொருள் கண்டுபிடிக்கப்பட்டது.

வலி குறைவதில் இதற்கு எவ்வளவு பங்கு என்பதில் இன்னும் வாதம் இருக்கிறது. ஆனால் மூளை மருந்தை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு மட்டுமல்ல, மாற்றியும் அமைக்கிறது என்பதில் வாதமில்லை.

நுண்குழாய், 12 ஜூன் 2023

நேற்று அவசரமாக எழுதிவிட்டேன், கொஞ்சம் அடிப்படை சேர்க்கிறேன்.

மருந்து உடைப்பதில் பெரிய குடும்பம் சைட்டோகுரோம் பி450. மனித மரபணுத் தொகுதியில் இயங்கும் நிலையில் 57 பி450 மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் மருந்துகளை அதிகம் கையாள்பவை ஏழெட்டுதான்: 3ஏ4, 2டி6, 2சி9, 2சி19, 1ஏ2, 2பி6, 2இ1 என்று போகும். மற்றவை ஸ்டீராய்டு, கொழுப்பு, பித்த அமிலம், வைட்டமின் டி என்று உடம்பின் சொந்த வேலைகளைப் பார்க்கின்றன.

மூளையில் மொத்த பி450 அளவு கல்லீரலில் இருப்பதில் சில சதவீதம்தான். அதனால்தான் பாடப்புத்தகங்கள் அதை ஒரு வரியில் தாண்டிப் போகின்றன.

நுண்குழாய், 12 ஜூன் 2023, இரவு

அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு பாடு இருக்கிறது என்று சொல்லாமல் விட மனமில்லை. பெங்களூரில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் பல வருடம் இந்த வேலையைத்தான் செய்தேன்.

கல்லீரல் மைக்ரோசோம் (திசுவை அரைத்துப் பிரித்தெடுத்த, நொதி ஒட்டிய சவ்வுத் துணுக்குகள்) குப்பியை மைனஸ் 80 டிகிரிப் பெட்டியிலிருந்து எடுத்து உருக்கினால் பழுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த நிறத்தில் குழம்பாக இருக்கும். அதை நீர்த்துப்போகச் செய்து, கரண்டி நுனியில் சிட்டிகை சோடியம் டைதயோனைட் போட்டு, இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குள் கார்பன் மோனாக்சைடைக் குமிழ் குமிழாக விட வேண்டும். பிறகு நிறமாலைமானியில் 400-லிருந்து 500 நானோமீட்டர் வரை ஓடவிட்டால் 450-இல் ஒரு முகடு கம்பீரமாக எழும். 1962-இல் ஜப்பானின் ஓமுராவும் சாட்டோவும் இந்த முகட்டை வைத்துத்தான் பி450 என்று பெயரிட்டார்கள். நொதி கெட்டுப்போயிருந்தால் முகடு 420-க்கு நகர்ந்துவிடும். ஒரு பார்வையில் சொல்லிவிடலாம்.

இதையே மூளைத் திசுவில் செய்து பாருங்கள். கோடு கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். போதாக்குறைக்குத் திசுவில் கொஞ்சம் ரத்தம் மிச்சமிருந்தால் ஹீமோகுளோபின் 420 பக்கம் எழுந்து நிற்கும். மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் 450-க்கு மிக அருகில் கோட்டைக் கீழே இழுக்கும். எலி என்றால் இதயத்தின் வழியாக உப்புநீர் செலுத்தி மூளையிலிருக்கும் ரத்தத்தைக் கழுவிவிடலாம். மனித மூளை? பிரேதப் பரிசோதனையில் கிடைப்பதுதான். இறந்து எத்தனை மணி நேரம் ஆனது, உடல் எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பதைப் பொறுத்து நொதியின் உயிர்ப்பு மாறும்.

இவ்வளவு தடைகளுக்கு நடுவில் 1989-இல் பெங்களூரின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் விஜயலட்சுமி ரவீந்திரநாத்தும் குழுவினரும் மனித மூளையில் பி450-யும் அதன் செயல்பாடும் இருப்பதைக் காட்டிக் கட்டுரை எழுதினார்கள். நரம்பு நோய்க்குறியியலாளர் எஸ்.கே. சங்கரும் அதில் ஒருவர். நிம்ஹான்ஸின் மூளை வங்கியை வளர்த்தெடுத்தவர் அவர். நம் ஊரிலிருந்து நாலு மணி நேர ரயில் தூரத்தில் நடந்த வேலை இது. நம் மருந்தியல் வகுப்புகளில் இதைச் சொல்பவர்கள் குறைவு என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

வேப்பம்பூ, 13 ஜூன் 2023

அவ்வளவு கம்மியாக இருக்கிற நொதியால் என்ன பெரிய மாற்றம் வந்துவிடப் போகிறது? ரத்தத்தில் அளவு மாறாதே?

நுண்குழாய், 13 ஜூன் 2023

ரத்தத்தில் மாறாது, சரி. ஆனால் மூளை முழுவதையும் அரைத்துச் சராசரி பார்ப்பதால்தான் கம்மியாகத் தெரிகிறது. மாவட்டத்தின் சராசரி மழையைப் பார்த்தால் ஒன்றுமே பெய்யாத மாதிரி இருக்கும், பெய்த ஒரு கிராமத்தில் கண்மாய் மறுகால் போயிருக்கும். பி450-க்கள் மூளையில் சில வகை நரம்பணுக்களிலும், குருதிக்குழாய்ச் சுவரிலும், அதை ஒட்டிய நட்சத்திர வடிவத் துணையணுக்களிலும் குவிந்திருக்கின்றன. மருந்து வேலை செய்யும் ஏற்பிக்கு இரண்டு மைக்ரான் தள்ளி அது உடைந்தாலோ உருவானாலோ, அந்த அணுவுக்கு அதுதான் கணக்கு.

சோதனையும் இருக்கிறது. கோடீன் என்ற வலி மருந்து தானாக வலியைப் பெரிதாகக் குறைக்காது. 2டி6 அதில் சிறு பங்கை மார்பினாக்கும், அந்த மார்பின்தான் வேலை செய்யும். டொராண்டோவில் ரேச்சல் டின்டேலின் குழு எலிகளின் மூளை அறைக்குள் நேரடியாக புரொப்ரனலால் என்ற மருந்தைச் செலுத்தி, அங்கிருக்கும் 2டி நொதியை (2டி6-இன் எலி வடிவம்) மட்டும் முடக்கியது. கல்லீரல் நொதி வழக்கம்போல இயங்கியது. ரத்தத்தில் மார்பின் மாறவில்லை. ஆனால் மூளையில் மார்பின் குறைந்தது, கோடீனின் வலிநிவாரணமும் குறைந்தது. 2013-இல் வெளியான வேலை. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இதுதான், ஏனென்றால் ரத்த அளவையும் விளைவையும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டியது வேறில்லை.

அதே குழு 2011-இல் மயக்க மருந்து புரொபஃபாலை வைத்தும் செய்தது. எலி மூளையின் 2பி நொதியை (நம் 2பி6-க்கு இணை) முடக்கினால் தூக்கம் நீண்டது. நிக்கோட்டின் கொடுத்து நொதியைக் கூட்டினால் சீக்கிரம் விழித்துக்கொண்டது.

வேப்பம்பூ, 13 ஜூன் 2023

நிக்கோட்டினா? அப்படியானால் எங்கள் சித்தப்பாவுக்கு ஆபரேஷன் டேபிளில் டபுள் டோஸ் வேண்டும் போல!

நுண்குழாய், 14 ஜூன் 2023

சிரித்தேன். ஆனால் புகைபிடிப்பதை மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்கக்கூடாது என்று சித்தப்பாவிடம் உண்மையாகவே சொல்லுங்கள்.

புகைபிடித்தவர்களின் மூளைகளைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்தபோது 2பி6-உம் 2டி6-உம் புகைக்காதவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. நீண்ட நாள் குடித்தவர்களிடமும் அப்படியே. இதில் கவனிக்க வேண்டியது, கல்லீரலின் 2டி6 எந்த மருந்துக்கும் பெரிதாக அதிகரிக்காது என்றுதான் நாங்கள் படித்தோம். மூளையில் அதே நொதி வேறு விதிப்படி நடக்கிறது. மரபணு ஒன்று, உறுப்பு வேறு, நடத்தை வேறு.

நுண்குழாய், 16 ஜூன் 2023

இந்த விஷயம் எனக்கு ஆய்வகத்தைவிட வீட்டில்தான் உறைத்தது. அம்மாவுக்குப் பார்க்கின்சன். இது பி450 கதை அல்ல, இருந்தாலும் எந்தத் திசுவில் மருந்து மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மூளையில் குறைந்துபோவது டோபமைன். அதை மாத்திரையாகக் கொடுத்தால், ரத்தத்திலிருந்து மூளைக்குள் போவதைச் சலிக்கும் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டாது. லெவோடோபா தாண்டும். தாண்டிய பிறகு டோபா டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி அதை டோபமைனாக்கும். வில்லங்கம் என்னவென்றால் அந்த நொதி குடலிலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் மூளையைவிட நிறையவே இருக்கிறது. வெறும் லெவோடோபா கொடுத்தால் நூற்றில் ஒரு பங்குதான் மூளைக்குப் போய்ச் சேரும். மீதி வழியிலேயே டோபமைனாகி, மூளையின் வாந்தி மையத்தைத் தொடும். அந்த மையம் தடுப்புக்கு வெளியே இருப்பதால் குமட்டல் பிடுங்கும். 1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ் நியூயார்க் பக்கம் புரூக்ஹேவனில் டோபாவைக் கிராம் கணக்கில் கொடுத்துத்தான் நோயாளிகளை நடக்க வைத்தார்.

அதற்குத் தீர்வாக வந்தது கார்பிடோபா. அது மூளைக்குள் நுழையாது. வெளியே இருக்கும் டிகார்பாக்சிலேஸை மட்டும் முடக்கும், உள்ளே இருப்பதைத் தொடாது. ஒரே நொதி, இரண்டு இடம், ஒரு இடத்தில் மட்டும் பூட்டு. மருந்தியலில் இவ்வளவு அழகான யோசனைகள் அதிகமில்லை.

அம்மாவுக்கு ஆரம்பத்தில் எழுதிக் கொடுத்தது 110. அதாவது லெவோடோபா 100 மில்லிகிராம், கார்பிடோபா 10. நாளுக்கு மூன்று. காலையில் போட்ட அரை மணியில் வாசல் திண்ணையில் போய்க் குனிந்து உட்கார்ந்துவிடுவார். வெளி நொதியை முழுதாக முடக்க நாளுக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா தேவை. அவருக்குப் போனது 30. அடுத்த முறை டாக்டரிடம் இதைக் கேட்டேன். அவர் 125-க்கு மாற்றினார், அதில் கார்பிடோபா 25. லெவோடோபா அதே 100-தான். குமட்டல் அந்த வாரமே அடங்கியது. ரவிக்கைக் கொக்கியைத் தானே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

யாரும் இதைப் படித்துவிட்டுத் தானாக மாத்திரையை மாற்றிவிட வேண்டாம். கேட்கத் தெரிந்துகொள்ளுங்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நுண்குழாய், 16 ஜூன் 2023, சற்றுப் பின்

ஒன்று விட்டுப்போனது. நவராத்திரியில் அம்மா சுண்டல் சாப்பிட்ட மாலைகளில் மாத்திரை பிடிக்கவே பிடிக்காது, கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அது நொதி அல்ல. புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடல் சுவரிலும் மூளைத் தடுப்பிலும் ஒரே கடத்தியைத்தான் பிடித்துக்கொண்டு நுழைகின்றன. கூட்டத்தில் லெவோடோபா வெளியே நின்றுவிடும். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் இடைவெளி வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

கொடைமேகம், 17 ஜூன் 2023

எதற்கு இந்த இங்கிலீஷ் மருந்து? பூனைக்காலி விதையில் இதே லெவோடோபா இருக்கிறதே. நம் சித்தர்கள் அன்றே சொன்னது.

நுண்குழாய், 17 ஜூன் 2023

பூனைக்காலியில் இருப்பது உண்மை. அதை விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937-இல் கட்டுரையாக்கியவர்கள் தாமோதரனும் ராமசாமியும், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில். பார்க்கின்சனுக்கு லெவோடோபா என்ற எண்ணமே உலகத்தில் வராத காலம் அது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

வறுத்துப் பொடித்த பூனைக்காலியை பொலிவியாவில் 18 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை 2017-இல் வெளியானது. ஒரு வேளைக்கு நன்றாகவே வேலை செய்தது. மாத்திரை வாங்க வழியில்லாத நாடுகளுக்கு இது பெரிய விஷயம். ஆனால் பொடியில் கார்பிடோபா கிடையாது. ஆகவே லெவோடோபா நிறையப் போக வேண்டும், கடைப்பொடிக்குக் கடைப்பொடி அளவும் மாறும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டருக்குத் தெரியாமல் பொடியும் சேர்த்தால் கை கால் தன்னிச்சையாக ஆடத் தொடங்கும். அதைப் பக்கத்து வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். சேர்ப்பதானால் சொல்லிவிட்டுச் சேருங்கள், அவ்வளவுதான்.

தாமிரபரணிக்கரை, 18 ஜூன் 2023

பார்க்கின்சன் மருந்தோடு பி காம்ப்ளெக்ஸ் கூடாது என்று எங்கள் ஊர்க் கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?

நுண்குழாய், 18 ஜூன் 2023

வெறும் லெவோடோபா கொடுத்த காலத்து எச்சரிக்கை அது. டோபா டிகார்பாக்சிலேஸ் வேலை செய்ய வைட்டமின் பி6 தேவை. பி6 கூடினால் வெளி நொதி வேகமாகி மருந்தை வழியிலேயே தின்றுவிடும். கார்பிடோபா சேர்ந்த மாத்திரையில் வழக்கமான பி காம்ப்ளெக்ஸ் அளவுக்குப் பயமில்லை.

பி6 என்றதும் வேறொரு சென்னைக் கதை ஞாபகம் வருகிறது. 1956-இல் மதராஸில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இப்போது சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். ஐசோநயசிட் மருந்தைச் சிலர் வேகமாகவும் சிலர் மெதுவாகவும் செயலிழக்கச் செய்வதை அங்கே அளந்தார்கள். தென்னிந்திய நோயாளிகளில் பத்துக்கு ஆறு பேர் மெதுவானவர்கள். அதிக அளவு மருந்தில் கால் எரிச்சலும் மரத்துப்போதலும் வந்தது பெரும்பாலும் இந்த மெதுவானவர்களுக்குத்தான். பி6 கொடுத்தால் தடுக்கலாம் என்பதும் அங்கே உறுதியானது. கல்லீரலிலும் குடலிலும் இருக்கும் ஒரு அசிட்டைல் மாற்று நொதியின் மரபு வேறுபாடு, அடிபட்டது பாத நரம்பு.

நுண்குழாய், 21 ஜூன் 2023

இதுவரை மருந்தைப் பற்றியே பேசினோம். மூளை நொதி விஷத்தை உண்டாக்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன்.

1982-இல் வட கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் திடீரென்று அசைய முடியாமல், பேச முடியாமல் மருத்துவமனைக்கு வந்தார்கள். வயதானவர்களுக்கு வரும் முற்றிய பார்க்கின்சன் போலவே இருந்தது. சான் ஹோசேயில் வில்லியம் லாங்ஸ்டன் துப்பறிந்தார். எல்லோரும் போலி ஹெராயின் ஊசி போட்டவர்கள். அதில் எம்.பி.டி.பி. என்ற கலப்படம் இருந்தது.

எம்.பி.டி.பி. நேராக நரம்பணுவைக் கொல்வதில்லை. கொழுப்பில் கரைவதால் மூளைக்குள் சுலபமாகப் போய்விடுகிறது. அங்கே துணையணுக்களில் இருக்கும் மோனோ அமீன் ஆக்சிடேஸ்-பி அதை எம்.பி.பி.+ என்ற பொருளாக மாற்றுகிறது. அதை டோபமைன் அணுக்களின் கடத்தி தன் சரக்கு என்று நினைத்து உள்ளே இழுக்கிறது. உள்ளே போனதும் மைட்டோகாண்ட்ரியா நின்றுவிடுகிறது. குரங்குகளுக்கு முன்கூட்டியே செலிஜிலின் கொடுத்து அந்த நொதியைத் தடுத்தால் விஷம் ஏறவில்லை.

எலிகளுக்கு எம்.பி.டி.பி. அவ்வளவாக ஏறாது. ஏன் என்று தேடியபோது எலியின் மூளை நுண்குழாய்ச் சுவரில் மோனோ அமீன் ஆக்சிடேஸ் ஏராளமாக இருப்பது தெரிந்தது. விஷம் சுவரிலேயே எம்.பி.பி.+ ஆகி, மின்னேற்றம் பெற்று, உள்ளே நுழைய முடியாமல் மாட்டிக்கொள்கிறது. மனிதக் குழாய்ச் சுவரில் அந்த நொதி குறைவு. துணையணுவில் மாறினால் நாசம், ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பங்கு முன்னால் சுவரில் மாறினால் காப்பு. இந்த இழையில் நான் சொல்ல வந்ததே இதுதான்: எது மாற்றுகிறது என்பதோடு எங்கே மாற்றுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

நுண்குழாய், 22 ஜூன் 2023

விவசாயக் குடும்பத்துக்காரர் ஒருவர் தனிச்செய்தியில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியைப் பற்றிக் கேட்டார், பொதுவிலேயே பதில் சொல்கிறேன். குளோர்பைரிபாஸும் அப்படியே பெரிய விஷமில்லை. அதிலுள்ள கந்தகத்தை எடுத்துவிட்டு ஆக்சிஜனை வைக்கும் வேலையை பி450 செய்கிறது. அப்படி உருவாகும் ஆக்சான் வடிவம்தான் நரம்புகளின் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகிறது. எலி மூளையின் 2பி நொதியைத் தடுத்தபோது நச்சுத்தன்மை குறைந்தது, டொராண்டோ குழுவே 2012-இல் காட்டியது. பிரான்ஸின் விவசாயிகளிடையே 2004-இல் வெளியான ஆய்வில், 2டி6 வேலை செய்யாத மரபு உள்ளவர்கள் பூச்சிக்கொல்லியில் புழங்கினால் பார்க்கின்சன் அபாயம் கூடியது.

கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெளிப்பானைத் தோளில் மாட்டும் ஒவ்வொருவரையும் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

நுண்குழாய், 25 ஜூன் 2023

மேலே எழுதியதையெல்லாம் திரும்பப் படித்தேன். உற்சாகத்தில் எலியையும் மனிதனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போயிருக்கிறேன். வாசிப்பவர் எலி முடிவுகளை அப்படியே மனிதனுக்கு எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆய்வுக்கென்று உயிருள்ள மனித மூளையிலிருந்து மாதிரி எடுக்க முடியாது. அறுவைச் சிகிச்சையில் அகற்றிய வலிப்புத் திசு, பிரேதப் பரிசோதனைத் திசு, தண்டுவடத் திரவம், இவை மூன்றும்தான் பெரும்பாலும் நம் கையில்.

இந்தத் துறையில் முடிவுகள் எப்படி மல்லுக்கட்டும் என்பதற்கு ஒரு உதாரணம். 2டி7 என்பது 2டி6-இன் பக்கத்தில் இருக்கும் செயலற்ற மரபணு என்றுதான் கருதப்பட்டது. 2004-இல் ரவீந்திரநாத்தின் குழு, மரபணுவில் ஒரு எழுத்து விடுபட்ட மாற்றத்தாலும் அதன் செய்தி வேறுவிதமாக வெட்டி ஒட்டப்படுவதாலும் அது மனித மூளையில் உயிர்பெறுகிறது, கோடீனை மார்பினாக்குவதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது என்று எழுதியது. படித்தபோது சிலிர்த்தது. அடுத்த வருடமே அமெரிக்காவில் காய்டிக் குழு, அப்படிச் செயல்படும் புரதம் உருவாவதற்கு ஆதரவான சான்று கிடைக்கவில்லை என்றது. 2007-இல் பல இனத்தவரிடம் தேடிய இன்னொரு குழு அந்த மரபு மாற்றம் மிக அரிது என்றது. என் பார்வையில் 2டி7 விஷயத்தில் எதிர்த்தரப்பின் கை ஓங்கியிருக்கிறது. 1989-இன் அடிப்படைக் கண்டுபிடிப்பை இது அசைக்கவில்லை. மூளையில் பி450 இருப்பதை வேறு வேறு முறைகளில் பலரும் உறுதிசெய்துவிட்டார்கள்.

வேப்பம்பூ, 26 ஜூன் 2023

சரி, மருந்தே சாப்பிடாதவர்களுக்கு மூளையில் இந்த நொதிகள் எதற்கு?

நுண்குழாய், 26 ஜூன் 2023

நல்ல கேள்வி. மருந்துக்காக அவை அங்கே இல்லை. நரம்பு ஸ்டீராய்டுகள், கொழுப்பமிலங்கள், கொலஸ்ட்ரால் என்று மூளையின் சொந்தச் சரக்கைக் கையாளத்தான் இருக்கின்றன.

46ஏ1 என்ற பி450 நரம்பணுக்களில் இருக்கிறது. உடல் எடையில் மூளை 2 சதவீதம், ஆனால் உடலின் கொலஸ்ட்ராலில் ஏறக்குறைய கால் பங்கு மூளையில். அது தடுப்பைத் தாண்டி வெளியே போகாது. 46ஏ1 அதில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை ஒட்டிவிட்டால் தாண்டிப் போகும். இப்படி ஒரு நாளைக்கு ஆறேழு மில்லிகிராம் மூளையிலிருந்து வெளியேறுகிறது என்று ஸ்டாக்ஹோமில் இங்மார் பியோர்க்கெம் குழு அளந்தது. நொதியின் மரபணுவை 1999-இல் டல்லாஸில் டேவிட் ரஸ்ஸலின் குழு கண்டுபிடித்தது.

இதில் ஒரு திருப்பம். எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து நம் நாட்டிலும் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. ராத்திரி மாத்திரை போட்டால் விசித்திரக் கனவுகள், தலைசுற்றல் என்று நிறையப் பேர் சொல்வார்கள். கல்லீரலின் 2பி6 மந்தமாக உள்ளவர்களுக்கு ரத்தத்தில் மருந்து ஏறி இது மோசமாகும். அதே மருந்து மிகச் சிறிய அளவில் 46ஏ1-ஐத் தட்டி எழுப்பி மூளைக் கொலஸ்ட்ரால் வெளியேற்றத்தைக் கூட்டுகிறது. இரினா பிகுலேவா குழு இதைக் கண்டுபிடித்து, அல்சைமர் நோயாளிகளிடம் சிறு அளவில் சோதனை வரை கொண்டுபோனது. ஒரே மாத்திரையை ஒரு பி450 கல்லீரலில் உடைக்கிறது, இன்னொரு பி450-ஐ அந்த மாத்திரையே மூளையில் முடுக்குகிறது.

நுண்குழாய், 28 ஜூன் 2023

முதல் பதிவில் நுரையீரல், குடல் பற்றியும் சொல்லியிருந்தீர்கள். சுருக்கமாக.

குடல்: 1989-இல் கனடாவின் ஒன்டாரியோ லண்டனில் டேவிட் பெய்லி, சாராயத்தின் சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்து ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தைக் கொடுத்தபோது ரத்தத்தில் மருந்து எக்கச்சக்கமாக ஏறியது. சாறிலுள்ள ஃபியூரானோகூமரின்கள் குடல் சுவரின் 3ஏ4-ஐக் கொன்றுவிடுகின்றன. கல்லீரலின் 3ஏ4 பெரும்பாலும் தப்பிவிடும். குடல் புதிதாக நொதி செய்துகொள்ளும்வரை விளைவு நீடிக்கும், ஒரு நாளுக்கு மேலும். நம் பம்பளிமாஸும் அதே வர்க்கம். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள் அதை டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

குடல் பாக்டீரியா: லெவோடோபாவை என்டரோகாக்கஸ் ஃபீக்கலிஸும் டோபமைனாக்கிவிடுகிறது என்று 2019-இல் தெரிந்தது. கார்பிடோபா அந்தப் பாக்டீரிய நொதியை முடக்குவதில்லை. அம்மாவுக்குச் சில நாள் மாத்திரை ஏன் சண்டித்தனம் செய்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் இது மனதில் ஓடும்.

நுரையீரல்: பூஞ்சை பிடித்த சர்க்கரைவள்ளியைத் தின்ற மாடுகள் நுரையீரல் வீங்கிச் செத்தன. கிழங்கிலிருந்த ஐப்போமியனால் என்ற பொருள் மாட்டு நுரையீரலின் 4பி1 நொதியால் விஷமாகிறது. நுரையீரலை மட்டும் தாக்குகிறதே, நுரையீரல் புற்றுநோய்க்கு மருந்தாகுமே என்று மனிதர்களிடம் சோதித்தார்கள். அடி கல்லீரலில் விழுந்தது. மனிதரின் 4பி1 ஒரு அமினோ அமில மாற்றத்தால் முடங்கிக் கிடக்கிறது.

தாமிரபரணிக்கரை, 29 ஜூன் 2023

என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஒரு நடைமுறைக் கேள்வி மட்டும். மச்சான் க்ளோசபின் என்ற மனநோய் மருந்து சாப்பிடுகிறார், செயின் ஸ்மோக்கர். சிகரெட்டை விடப்போகிறார். நிக்கோட்டின் ஒட்டு வாங்கிக்கொடுத்தால் மருந்தில் பிரச்சினை வராதுதானே?

நுண்குழாய், 29 ஜூன் 2023

வரும், நல்லவேளை கேட்டீர்கள். க்ளோசபினை உடைப்பது கல்லீரலின் 1ஏ2. அதைக் கூட்டுவது நிக்கோட்டின் அல்ல, புகையிலிருக்கும் தார்ப்பொருட்கள். மூளையின் 2பி6, 2டி6-ஐக் கூட்டுவதாகச் சொன்னேனே, அதுதான் நிக்கோட்டின் வேலை. ஒரே சிகரெட்டில் இரண்டு வெவ்வேறு பொருட்கள் இரண்டு உறுப்புகளில் வெவ்வேறு நொதிகளைத் தூண்டுகின்றன.

ஆகவே ஒட்டு போட்டாலும், புகை நின்ற சில நாட்களில் 1ஏ2 குறைந்து ரத்தத்தில் க்ளோசபின் ஏறும். அதிகத் தூக்கம், எச்சில் ஒழுகல், மலச்சிக்கல், முற்றினால் வலிப்பு. காபி நிறையக் குடிப்பவராக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், காபியும் 1ஏ2 வழியாகத்தான் போகிறது. சிகரெட்டை விடும் தேதியை முன்கூட்டியே மனநல டாக்டரிடம் சொல்லி, அளவைக் குறைக்க வேண்டுமா, ரத்த அளவு எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி புகைக்கத் தொடங்கினாலும் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள், அப்போது அளவு தலைகீழாக இறங்கும்.

தாமிரபரணிக்கரை, 3 ஜூலை 2023

கேட்டுவிட்டோம். டாக்டர் முதல் வாரத்திலேயே அளவைப் படிப்படியாகக் குறைக்க அட்டவணை எழுதிக் கொடுத்து, ரத்தப் பரிசோதனைக்கும் தேதி போட்டிருக்கிறார். மச்சான் திங்கட்கிழமை விடுகிறார்.